தங்கைக்கு மழைப்பனி தாங்குமா

மழைப்பனியைப் பற்றி ஏறத்தாழ இருபது வருடம் படிப்பித்தவன் நான். படிப்பித்தேன் என்றால் எப்படி? சேர்ட் முதுகோடு ஒட்டியிருக்கும். சோளகக் காற்று யன்னலால் மணலை வாரிக்கொண்டுவந்து மேசையில் கொட்டும். நான் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் தலையில் வெண்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்து, "இதுதான் மழைப்பனி" என்பேன். பிள்ளைகள் நம்பினார்கள். நானும் புத்தகத்தை நம்பித்தான் சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பாடத்துக்குப் பூமிசாத்திரம் என்று பெயர். பிறகு அது புவியியல் ஆயிற்று. புத்தகத்தின் அட்டை மாறியது, பாடத்திட்டம் இரண்டு மூன்று தரம் மாறியது, மலை மட்டும் அசையாமல் அதே அத்தியாயத்தில் இருந்தது. மழைப்பனி விழும் உயர்நிலம். அங்கே கோடையில் மாடுகளை மேலே ஏற்றுவார்கள், மாரியில் கீழே இறக்குவார்கள். பனி வழுக்கி விழுவதற்காகக் கூரைகளைச் சரிவாகப் போடுவார்கள். வெயில் படுகிற சரிவில் ஊர் இருக்கும், படாத சரிவில் காடு இருக்கும். பாடத்தின் கடைசியில் நாலு வரியில் ஒரு பந்தி, காலில் பலகை கட்டிச் சறுக்கி விளையாட வருகிறவர்களால் அந்த ஊர்கள் பிழைக்கின்றன என்று. அந்தப் பந்தி வந்தால் வகுப்பில் யாராவது ஒருவன் எழும்புவான்.

"சேர், காசு குடுத்து விழுகிறதுக்கோ போறவை?"

ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி. ஒவ்வொரு வருடமும் அதே சிரிப்பு. முதல் ஐந்து வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் வீடு சரவணையில். எங்கள் தீவில் கோயில் கோபுரத்தை விட உயரமாக எதுவும் இல்லை. அதில் ஏறி நின்றால் எல்லாப் பக்கமும் கடல் தெரியும். இப்படிப்பட்ட இடத்துப் பிள்ளைக்கு மலைச் சரிவை எப்படி விளங்கப்படுத்துவது? ஒருமுறை வகுப்பை மண்கும்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கடற்கரையில் வெள்ளை மணல் கும்பிகள் இருக்கின்றன. காவோலையில் குந்தியபடி மேலிருந்து கீழே சறுக்கச் சொன்னேன். பிள்ளைகள் பறந்தார்கள். "சேரும் வாங்கோ" என்று இழுத்து என்னையும் இருத்திவிட்டார்கள். நான் பாதி வழியில் குப்புற விழுந்தேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று ஒருவன் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த நாள் அதிபர் கூப்பிட்டு, வேட்டி முழுக்க மண்ணோடு வாத்தியார் ஒருவர் பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடத்தின் மதிப்பு என்னாகும் என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வெண்கட்டியே போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்படி இருந்தவனைத்தான், என் தங்கையின் உயிருக்கு மழைப்பனி ஒத்துவருமா வராதா என்று தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மூச்சு இழுக்கும். வந்தால் படுக்க ஏலாது. சுவரோடு சாய்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, விடியும் வரை இருப்பாள். அவளுடைய நெஞ்சிலிருந்து வருகிற அந்த விசில் சத்தத்தோடுதான் எங்கள் வீடு நித்திரை கொண்டது. அது கேட்டால் பயம். கேட்காமல் விட்டால் அதைவிடப் பயம். அம்மா எழும்பிப் போய் அவளுடைய மூக்கடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பா. ஐயா போன பிறகு அம்மாவுக்கு உலகத்தில் இருந்த கவலை அந்த மூச்சு ஒன்றுதான். என்னைப் பற்றி அவ கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் மூச்சு ஒழுங்காக விடுகிறவன்.

தொய்வுக்காரி என்று தெரிந்துகொண்டே ஒருவர் அவளைக் கட்டினார். கப்பலில் சமையல் வேலை செய்த மனிதர். கலியாணம் முடிந்து சில மாதங்களில் திரும்பவும் கப்பலேறினார். பிறகு ஐரோப்பாவில் எங்கோ இறங்கி, கடைசியில் சுவிஸ் நாட்டில் ஒரு மலையூர் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எந்த ஊர் என்கிறீர்கள்? சறுக்கி விளையாட வருகிறவர்களால் பிழைக்கிற ஊர். என்னுடைய கடைசிப் பந்தி. விடிய எழும்பி ஹோட்டல் வாசலில் விழுந்து கிடக்கிற மழைப்பனியை மண்வெட்டியால் அள்ளுவது, பிறகு விருந்தாளிகளுக்குச் சறுக்குப் பலகையும் சப்பாத்தும் எடுத்துக் கொடுப்பது, பின்னேரம் கோப்பை கழுவுவது. மச்சானின் வேலை இதுதான்.

படங்கள் அனுப்பினார். ஒன்றில் அவருடைய உயரத்துக்கு மேலே வெள்ளை மதில் ஒன்று. அது வெட்டி ஒதுக்கிய பனியாம். இன்னொன்றில் வெள்ளைவெளி நடுவே வரிசையாகக் கம்புகள். வீதி எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு நட்டவையாம். இன்னொன்றில் சனம் மலையால் வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்தப் படங்கள் ஊர் முழுக்கச் சுற்றின. அதோடு எனக்கு நிம்மதி போயிற்று. கடைக்குப் போனால், "மாஸ்டர், உது வெயிலுக்குக் கரையாதோ?" கோயிலுக்குப் போனால், "உதுக்கை என்னெண்டு அடுப்பு மூட்டுறது?" நல்ல தண்ணீர்க் கிணற்றில் முறைக்கு நின்ற பெண்கள்தான் ஒழுங்கான கேள்வி கேட்டார்கள்: "அவ்வளவும் கரைஞ்சால் குடிக்கிற தண்ணியோ, மாஸ்டர்?" ஓம் என்றேன். அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சில வருடங்கள் இப்படியே போயின. தங்கை படத்தோடு குடும்பம் நடத்தினாள் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு, எண்பதாம் ஆண்டு கழிந்து கொஞ்சக் காலத்தில், மனைவியை அழைக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. தங்கையின் முகம் மலர்ந்தது. அம்மாவின் முகம் இருண்டது.

"மார்கழிப் பூசைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போட்டு வந்தாலே மூண்டு நாளைக்குக் கிடக்கிறவள். இவளைக் கொண்டுபோய்ப் பனிக்கை விடப்போறியளோ? நான் பெத்தது ஐஸுக்கை வைக்கிறதுக்கோ?"

அம்மா சொன்னதில் பிழை இல்லை. பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து, இது சீதள உடம்பு, குளிர் ஆகவே ஆகாது என்றார். ஆஸ்பத்திரி டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். இதைச் சொல்லவா இவ்வளவு படித்தார் என்று எனக்குக் கோபம் வந்தது. மச்சானோ, "அண்ணையைக் கேளுங்கோ, அவருக்குத்தான் இந்த இடத்தைப் பற்றித் தெரியும்" என்று எழுதிவிட்டார். அங்கே பனியை அள்ளுகிறவர் அவர், தெரிந்தவன் நானாம்!

எனக்குத் தெரிந்தது ஒன்று இருந்தது. அந்த உயர்ந்த மலையூர்களில் காற்று உலர்ந்தது, தூசி இல்லாதது, மாரியிலும் நல்ல வெயில் எறிக்கும், அந்தக் காலத்தில் நெஞ்சு வருத்தக்காரரை அங்கே அனுப்பி மாதக்கணக்காக வெயிலில் படுக்கவைத்து வைத்தியம் செய்தார்கள் என்று ஒரு பழைய புத்தகத்தில் வாசித்திருந்தேன். அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தவே இல்லை.

"உன்ரை புத்தகம் எழுதினவனுக்குத் தொய்வு இருந்ததோ?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் முகத்துக்கு நேரே சொல்லாததுதான் குறை. நான் வெளியே வந்து சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினேன். அந்த நாட்களில் நான் அடிக்கடி சைக்கிள் துடைத்தேன்.

வழியைக் காட்டியவர் பள்ளிக்கூடத்தில் என்னுடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஊர்காவற்றுறையில் இரண்டு வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்தவர். எங்களுக்கு மீன் தருகிறவரும் அவர்தான். அம்மா அவரிடமும் ஒப்பாரி வைத்தா. அவர் மீனைக் கையில் பிடித்தபடி யோசித்தார்.

"மாஸ்டர், ஏன் உதுக்கு இவ்வளவு கதை? நாங்கள் மீனுக்கு ஐஸ் எடுக்கிற இடத்திலை கட்டி அடுக்கி வைக்கிற அறை ஒண்டு கிடக்கு. மனேச்சர் எனக்குத் தெரிஞ்சவர். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாரும். உள்ளை கொஞ்ச நேரம் நிக்கட்டும். தாங்கினால் அனுப்பும், தாங்காட்டில் விடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவின் கண்களில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. டொக்டரும் பரியாரியாரும் நானும் சொல்லிக் கேட்காதவ, மீன்காரர் சொன்னதும் சரி என்றா. புத்தகம் வேண்டாம், நாடி வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். ஒரு தேவாரம் முழுதாகப் படித்து முடிக்கும் வரைக்கும் அவள் உள்ளே நிற்கவேண்டும், இழுப்பு வராவிட்டால் போகலாம் என்று அம்மாவே பரீட்சைக்குச் சட்டமும் போட்டா. தங்கை உடனே ஒப்புக்கொண்டாள். ஐஸ் அறை என்ன, அவள் அவரிடம் போவதற்கு நெருப்பு அறை என்றாலும் ஓம் என்றிருப்பாள்.

வாடகைக் கார் பிடித்தோம். அது வைகாசி வெயில். தார் வீதி கானல் ஓடியது. நுவரெலியாவில் வேலை பார்த்த உறவினர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கம்பளிச் சுவெற்றர், என்னுடைய காலுறை இரண்டு சோடி, தலையில் மப்ளர். காருக்குள் வியர்வையில் அவள் நனைந்துபோனாள். வழியில் கண்டவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. புவியியல் வாத்தியார் ஒருவர் தன் தங்கையை மீன் வைக்கிற ஐஸுக்குள் நிறுத்திப் பார்க்கப் போகிறார்!

அந்த அறையின் கதவு தடித்த பலகைக் கதவு. நண்பர் தோளால் தள்ளித் திறந்தார். உள்ளே இருந்து வந்த குளிர் காலில்தான் முதலில் பட்டது. ஐஸ் கட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன, மேலே மரத்தூள். அம்மா வாசலில் நின்று தேவாரத்தைத் தொடங்கினா. நானும் தங்கையும் உள்ளே போனோம்.

அவள் பயப்படவில்லை. ஒரு கட்டியில் கையை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு வாயைத் திறந்து மூச்சை விட்டாள். அது வெள்ளையாகப் புகைந்தது.

"அண்ணை, பாருங்கோ! என்ரை மூச்சு!"

தன்னை அவ்வளவு காலம் அலைக்கழித்த சாமானை அவள் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டாள். திரும்பத் திரும்ப ஊதி ஊதிப் பார்த்தாள். நானும் ஊதினேன். முப்பது வயதுப் பெண்ணும் நாற்பது தாண்டிய வாத்தியாரும் ஐஸ் அறைக்குள் நின்று ஊதி விளையாடினோம். நான் வருடக்கணக்காகப் படிப்பித்த குளிரை அப்போதுதான் தொட்டேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

வெளியே தேவாரம் பாதிக்கு வந்திருக்கும். பக்கத்தில் யந்திரம் ஓடத் தொடங்கியது. ஐஸ் செய்கிற குழாய்களுக்குள் ஓடுகிற அமோனியாவின் நெடி, எங்கோ ஒரு குழாய்ப் பொருத்து வழியாகக் கசிந்து, சுவரைத் தாண்டி வந்தது. எனக்கே கண் எரிந்தது. தங்கை ஒருமுறை இருமினாள். பிறகு நெஞ்சைப் பிடித்தாள். அந்த விசில் தொடங்கிவிட்டது. நான் அவளை அணைத்து வெளியே கொண்டுவந்தபோது உதடு நீலமாகியிருந்தது. நண்பர் ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அம்மா தேவாரத்தை நிறுத்தவில்லை. அழுதழுது படித்து முடித்துவிட்டுத்தான் கிட்ட வந்தா.

"பாத்தாச்சுத்தானே" என்றா.

அது குளிரால் வந்ததில்லை, அமோனியா நெடியால் வந்தது என்று நான் காருக்குள் சொன்னேன். வீட்டில் சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். அந்த மலையில் அமோனியா இல்லை, மீன் இல்லை, ஈரச் சுவர் இல்லை என்று படம் கீறிக் காட்டினேன். "ஓம், ஓம், உனக்கு எல்லாம் தெரியும்" என்றா அம்மா. எத்தனை தரம்தான் சொல்வது? எனக்கும் அலுத்துப்போயிற்று. அவள் வர ஏலாது என்று மச்சானுக்கு எழுதச் சொன்னா. நான் எழுதாமல் இழுத்தடித்தேன். அதற்குமேல் சண்டைபிடிக்க என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

சோளகம் பலத்த நாட்களில் ஒரு நாள். குசினிக்குள் தங்கை பனை ஊமலும் பன்னாடையும் வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். காற்றுப் புகையைத் திருப்பி உள்ளே அடித்தது. வெளியே வந்தால் மணல். அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அம்மா ஆடாதோடைக் கசாயத்தோடு ஓடினா. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் கசாயத்தைக் கையால் விலக்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"அம்மா, இந்த வருத்தம் எனக்கு மழைப்பனியிலையோ வந்தது? இஞ்சைதானே வந்தது. இருபத்தைஞ்சு வருசமா நீங்கள் என்னை இஞ்சைதானே வைச்சுப் பாத்தனீங்கள்?"

அம்மா கசாயக் கோப்பையை நிலத்தில் வைத்தா. புத்தகத்தில் தேடினேன், டொக்டரைத் தேடினேன், ஐஸ் அறை வரைக்கும் போனேன். இந்தக் கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அம்மா வேர்க்கொம்புச் சுக்கை வெயிலில் காயப்போட்டா. மிளகு, திப்பிலி, நல்லெண்ணெய் எல்லாம் தங்கையின் பயணப் பெட்டிக்குச் சேர்க்கத் தொடங்கினா. அதுதான் அவவின் சம்மதம்.

தங்கை போனாள். பண்ணைப் பாலத்தடி வரைக்கும் அம்மா வந்தா. கொழும்புக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்த பிறகு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அம்மாவுக்கு நித்திரை வரவில்லை. எனக்கும்தான். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே பல்லவி: "நயினாதீவுத் திருவிழாவுக்கு அவளை வரச்சொல்லி எழுது. ஆனி மாதம் வந்து நிண்டிட்டுப் போகட்டும். ஒருக்கால் கண்ணாலை காணவேணும்." நானும் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்றேன். டிக்கெட்டுக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்துக் கொஞ்சம் ஆறப்போட்டேன்.

அவளுடைய முதல் மாரி முடிகிற காலத்தில், அங்கே வேலை செய்கிற மடத்துவெளி ஊர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது அவரிடம் ஒரு கசெற் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவள் எழுதினால் இரண்டு வரிதான் எழுதுவாள், பேசினால் நிறுத்தமாட்டாள். பக்கத்து வீட்டில் ரேப் றெக்கோடர் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அம்மா கதிரையில் இருக்கமாட்டேன் என்று, மேசையடியில் நின்று காதை அதன்மேல் சாய்த்தா.

"அம்மா, எங்கடை ஊரிலை மழை வந்தால் கூரை சொல்லும். இஞ்சை இது ஒரு சத்தமும் போடாமல் வருது. காலமை யன்னலைத் திறந்தாத்தான் தெரியும். முதல் நாள் நான் பயந்துபோனன், காது அடைச்சுப்போச்சாக்கும் எண்டு... ஞாயிற்றுக்கிழமையிலை ஊர் முழுக்க மலைக்கு ஏறும். உங்கடை வயசு மனிசியள் காலிலை பலகையைக் கட்டிக்கொண்டு இறங்குதுகள். இவர் என்னையும் ஒரு சறுக்குப் பெட்டியிலை இருத்தித் தள்ளிவிட்டவர். நான் உருண்டுபோய் இடுப்பளவு பனிக்கை புதைஞ்சுபோனன். எழும்ப ஏலாமல் சிரிச்சுக்கொண்டு கிடந்தன்..."

அதைச் சொல்லும்போதே அவள் சிரித்தாள். நீளமாக, வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் சந்தோஷத்தோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"திருப்பிப் போடு" என்றா.

போட்டேன்.

"இன்னொருக்கால்."

"சொன்னது விளங்கேல்லையோ அம்மா?"

"சொன்னது விளங்கினது. நீ போடு."

மூன்றாம் தரம் ஓடும்போதுதான் அம்மா என்ன கேட்கிறா என்று எனக்குத் தெரிந்தது. மலையையும் சறுக்குப் பெட்டியையும் அவ கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே தங்கை மூச்சு எடுக்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தா. எங்கள் வீட்டில் அவள் சிரித்தால் அது இருமலில்தான் போய் முடியும். இது சிரிப்பாகவே முடிந்தது. விசில் இல்லை, இழுப்பு இல்லை. அவ்வளவு பேசிய பிறகும் அவளுடைய மூச்சு வந்து போவது கேட்கவே இல்லை.

கசெற் ஓடி முடிந்து தானாக நின்றது. அம்மா காதை எடுக்கவில்லை. கண்ணீர் மேசையில் விழுந்தது. துடைக்கவும் இல்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னா.

"தம்பி, திருவிழாவுக்கு வரச்சொல்லி எழுதிப்போடாதை. இஞ்சை வந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும்."